அவிழ்க்கப்படாத மூட்டை

வரலாறு வாசிப்பவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் ‘அப்படி நடந்திராவிட்டால்?’ என்ற கேள்வியை மனதுக்குள்ளாவது கேட்டுப் பார்த்திருப்பார்கள். இக்கேள்விக்காகவே இங்கிலாந்தில் 1931ஆம் ஆண்டு ஜே.சி. ஸ்கொயர் ஒரு கட்டுரைத் தொகுப்பைக் கொண்டுவந்தார். ஸ்காட்லாந்து அரசி மேரியை ஆஸ்திரியாவின் டான் ஜான் மணந்திருந்தால் ஐரோப்பா என்னவாகியிருக்கும் என்று அதில் ஜி.கே. செஸ்டர்டன் எழுதினார். வின்ஸ்டன் சர்ச்சிலும் அத்தொகுப்பில் உண்டு. முப்பது ஆண்டுகள் கழித்து, 1961இல், ‘வரலாறு என்றால் என்ன?’ நூலில் ஈ.எச். கார் இத்தகைய ஊகங்களைப் பொழுதுபோக்கு விளையாட்டு என்று ஒதுக்கித் தள்ளினார்.

விளையாட்டே என்றாலும், அதை நாம் எப்போதும் ஐரோப்பிய அரச பரம்பரைகளை வைத்தே ஆடிப் பழகிவிட்டோம். ஸ்டூவர்ட்களும் ஹாப்ஸ்பர்க்குகளும் நமக்குப் பரிச்சயம். நம் காலடி மண்ணில் நடந்த ஒரு வாரிசுரிமைப் போர் பரிச்சயமில்லை. வரைபடத்தில் வேலூரிலிருந்து பழவேற்காட்டுக்கு ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். திருவள்ளூரை அடுத்த கடம்பத்தூர் அந்தக் கோட்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. இன்று தொழிற்சாலைகளும் புறநகர் ரயில்களுமாக இருக்கும் இந்தப் பகுதி, நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பேரரசின் தலைநகருக்கும் அதன் துறைமுகத்துக்கும் இடைப்பட்ட நிலம். விஜயநகரம் என்றதும் ஹம்பியை நினைக்கிறோம். ஆனால் 1565இல் தலைக்கோட்டைப் போரில் வீழ்ந்த பிறகு அப்பேரரசின் தலைநகர் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று நம்மை நோக்கி நகர்ந்துகொண்டே வந்தது. அதன் இறுதிக்காலச் சோகம் நடந்த மேடை தொண்டை மண்டலம்தான்.

*

1614 அக்டோபரில் வேங்கடபதி ராயர் காலமானார். சிதறிய அரசை ஓரளவு மீட்டுக்கட்டிய மன்னர் அவர். அச்செய்தி மசூலிப்பட்டினத்தை எட்டியபோது அங்கே வணிகம் செய்துகொண்டிருந்த பீட்டர் புளோரிஸ் தம் நாட்குறிப்பில் அதைப் பதிந்து வைத்தார். மூன்று மனைவியர் உடன்கட்டை ஏறினர். அவர்களில் ஒருவர் பழவேற்காட்டு அரசியான ஓபயம்மா. பெரும் கலகம் வரப்போகிறது என்று எல்லோரும் அஞ்சுகிறார்கள். பழவேற்காட்டில் புதிதாகக் கட்டிய கோட்டையைப் பற்றி டச்சுக்காரர்களுக்குக் கவலை. இவை அவர் தரும் செய்திகள். அந்தக் கோட்டைதான் 1613இல் எழுந்த ஜெல்ட்ரியா. அரண்மனையின் துக்கச் செய்தியும் துறைமுகத்தின் வணிகக் கவலையும் ஒரே பத்தியில் வருவதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என்ன நடந்தது என்பதை விரிவாகச் சொல்பவர் மானுவேல் பர்ராதாஸ் என்ற போர்த்துகீசிய ஏசுசபைப் பாதிரியார். 1616 டிசம்பரில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய மடலை ராபர்ட் சீவெல் 1900இல் வெளிவந்த தம் விஜயநகர வரலாற்று நூலில் மொழிபெயர்த்துச் சேர்த்திருக்கிறார். பாதிரியார் சொல்லும் கதை இது.

வேங்கடபதிக்கு மனைவியர் பலர், பிள்ளை இல்லை. அரசியரில் ஒருவரான பாயம்மா, கொப்பூரி ஜக்கராயன் குடும்பத்தைச் சேர்ந்தவர். மகள் என்கிறார் பாதிரியார்; சகோதரி என்பார் பிற்கால ஆய்வாளர்கள். இந்த அரசி கருவுற்றதாக நடித்து, ஒரு பிராமணப் பெண்ணின் குழந்தையை ரகசியமாக அரண்மனைக்குள் கொண்டுவந்து தன் மகன் என்று அறிவித்தார். மன்னருக்கு உண்மை தெரியும். அரசியின் மீதிருந்த அன்பினால் அவர் வாய் திறக்கவில்லை. அந்தப் பையன் இளவரசனாகவே வளர்ந்தான்.

மரணத்துக்கு மூன்று நாள் முன்புதான் மன்னர் முடிவெடுத்தார். படைத்தலைவர்கள் முன்னிலையில் அண்ணன் மகன் ஸ்ரீரங்கரை அழைத்து அரச மோதிரத்தைக் கொடுத்தார். சிக்கராயர் என்று இளவரசுப் பட்டம் பெற்றிருந்த ஸ்ரீரங்கர் முதலில் மறுத்து, பிறகு ஏற்றார். ஆட்சி சில காலமே நீடித்தது. ஜக்கராயனும் கூட்டாளிகளும் படையோடு கோட்டைக்குள் நுழைந்து ஸ்ரீரங்கரைக் குடும்பத்தோடு சிறைப்பிடித்து, வளர்ப்புப் பையனை அரியணையில் ஏற்றினார்கள். பெருந்தலைகள் பெரும்பாலோர் புதிய அரசனுக்குத் தலைவணங்கினர். வணங்க மறுத்து வெளியே நின்றவர் வெலுகோடி யாசம நாயக்கர்.

சிறைக்குள் உறவினர் யாரும் போக முடியாது. ஆனால் அரசரே ஆனாலும் துணி அழுக்காகும். சிறைப்பட்ட அரசக் குடும்பத்தின் துணிகளை வெளுக்கும் வண்ணாருக்கு உள்ளே போய்வர வழி இருந்தது. யாசமரின் ஏற்பாட்டின்படி அவர் அழுக்குத் துணி மூட்டைக்குள் ஸ்ரீரங்கரின் நடுமகனை வைத்துக் கட்டி, காவலைக் கடந்து வெளியே கொண்டுவந்துவிட்டார். பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கலாம். ராமதேவன் என்பது அவன் பெயர். சுரங்கம் வழியாகத் தப்பிக்க மற்றவர்கள் செய்த முயற்சி கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் ஸ்ரீரங்கரும் அரசியும் எஞ்சிய பிள்ளைகளும் சிறையிலேயே உயிர்விட வைக்கப்பட்டார்கள்.

ஒரு குழந்தை அரண்மனைக்குள் கடத்தப்பட்டது. ஒரு குழந்தை அரண்மனையிலிருந்து கடத்தப்பட்டது. இந்த இரு குழந்தைகளின் பெயரால் தென்னாடு முழுதும் இரண்டாகப் பிரிந்தது. மதுரை நாயக்கர் முத்துவீரப்பரும் செஞ்சி நாயக்கர் கிருஷ்ணப்பரும் ஜக்கராயன் பக்கம் நின்றனர். தஞ்சை ரகுநாத நாயக்கர் யாசமர் பக்கம். கல்லணையை அடுத்த தோப்பூரில் இரு தரப்பும் மோதின. ஜக்கராயன் களத்தில் வீழ்ந்தான். ராமதேவ ராயர் 1617 முதல் 1632 வரை அரசர் என்று வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. ஆனால் ஜக்கராயனின் தம்பி எதிராஜன் போரை விடவில்லை. கடைசியில் எதிராஜனின் மகளை ராமதேவர் மணந்துகொண்ட பிறகே ஓய்வு கிடைத்தது. தன் பெற்றோரைக் கொன்றவனின் தம்பி மகள்! இரத்தத்தின் பெயரால் தொடங்கிய போர் இப்படித்தான் முடிந்தது.

*

நிற்க. ஐரோப்பாவுக்கு ஒரு நடை போய்வருவோம்.

1688 ஜூன் மாதம் லண்டனில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னருக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. அரசி மேரிக்குத் திருமணமாகிப் பதினைந்து ஆண்டுகள். முன்பு பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. கத்தோலிக்க மன்னருக்கு வாரிசு வந்துவிட்டதே என்று கலங்கிய புராட்டஸ்டண்ட் தரப்பில் ஒரு வதந்தி கிளம்பியது. குளிர்நாட்டில் படுக்கையைச் சூடாக்கக் கனல் இட்டுப் பயன்படுத்தும் நீண்ட கைப்பிடித் தட்டில் வைத்து வேறு யாருடைய குழந்தையையோ அரசியின் கட்டிலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது அந்த வதந்தி. மன்னர் பதறிப்போய் அக்டோபரில் மந்திராலோசனை சபையைக் கூட்டி, பிரசவ அறையில் இருந்த நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் சாட்சியம் பதிவு செய்தார். பயனில்லை. நவம்பரில் அவருடைய மருமகன் வில்லியம் டச்சுப் படையோடு வந்திறங்கினார். டிசம்பரில் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடினார்.

அந்தக் குழந்தை அரசிக்குப் பிறந்ததே என்பதில் இன்றைய வரலாற்றாசிரியர்களுக்கு ஐயமில்லை. லண்டனில் உண்மைக் குழந்தை பொய்யென்று நம்பப்பட்டு நாடிழந்தது. வேலூரில் பொய்க் குழந்தை என்று மன்னரே அறிந்திருந்தும் அது அரியணை வரை சென்றது. இரண்டு இடங்களிலும் பிறப்பின் உண்மை எதையும் தீர்மானிக்கவில்லை.

இங்கே இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாயம்மாவின் பிள்ளை பொய்ப்பிள்ளை என்பதை நாம் எங்கிருந்து அறிகிறோம்? வெலுகோடி குடும்பத்தின் வம்சாவளி யாசமரின் புகழ் பாடுவது. தஞ்சை அரசவையில் ராமபத்ராம்பா இயற்றிய சமஸ்கிருதக் காவியம் ரகுநாதரின் புகழ் பாடுவது. பர்ராதாஸின் கதையிலும் வீரன் யாசமர்தான். கொப்பூரித் தரப்பின் குரல் இவற்றில் எங்கும் இல்லை. பர்ராதாஸ் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. தோற்றவனின் பிள்ளை எப்போதும் சந்தேகத்துக்குரியவனாகவே எழுதப்படுவான் என்பதை லண்டன் கதை நமக்கு நினைவூட்டுகிறது.

*

இனி விளையாட்டுக்கு வருவோம். வேலூர்க் கோட்டை வாசலில் ஒரு காவலன் அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்த்திருந்தால்?

ராமதேவன் குடும்பத்தோடு மாண்டிருப்பான். யாசமருக்கு உயர்த்திப் பிடிக்க ஒரு பெயர் இருந்திராது. மற்ற தலைவர்கள் ஏற்கெனவே பணிந்துவிட்ட நிலையில் அவர் மட்டும் எத்தனை நாள் தாக்குப்பிடித்திருப்பார்? ஜக்கராயன் பின்னிருந்து ஆள, பொம்மை அரசன் முன்னே அமர்ந்திருக்க, காலப்போக்கில் கொப்பூரிக் குடும்பமே அரியணை ஏறியிருக்கலாம்.

இதைக் கேட்டதும் நமக்குள் ஒரு நியாய உணர்வு சிலிர்க்கிறது. ஆனால் விஜயநகர வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பாருங்கள். சாளுவ நரசிம்மர் 1485இல் சங்கம வம்சத்திடமிருந்து அரியணையைப் பறித்தவர். துளுவ நரச நாயக்கர், சாளுவ வாரிசைப் பொம்மையாக வைத்து ஆண்டவர். அவர் மகன் வீர நரசிம்மர் 1505இல் அரியணையையே எடுத்துக்கொண்டார். அந்த நரச நாயக்கரின் இன்னொரு மகன்தான் நாம் கொண்டாடும் கிருஷ்ணதேவராயர். வேங்கடபதியின் ஆரவீடு குடும்பமும் துளுவ அரசர்களை ஒதுக்கிவிட்டு வந்ததுதான். ஆக, ஜக்கராயன் செய்தது விஜயநகரத்தில் புதுமையல்ல. வென்றிருந்தால் நம் பாடப்புத்தகங்கள் அவனைப் பேரரசைக் காத்த இன்னொரு நரச நாயக்கர் என்று எழுதியிருக்கும். மூட்டை அவிழ்ந்திருந்தால் தோப்பூர் இல்லை, பத்தாண்டுகால அலங்கோலம் இல்லை, பிற்பாடு பீஜப்பூரும் கோல்கொண்டாவும் இவ்வளவு எளிதாகத் தெற்கே இறங்கியிரா என்று ஒருவர் வாதிட்டால் அதை எளிதில் மறுக்க முடியாது.

ஆனால் மறுக்க ஒரு வழி உண்டு. மதுரையும் செஞ்சியும் அந்தப் பையனின் பிறப்பை ஆராய்ந்து பார்த்து ஜக்கராயனோடு சேரவில்லை. மேலிடத்துக்குத் திறை கட்டும் கடமையிலிருந்து நழுவ அவர்களுக்கு ஒரு சந்தர்ப்பம் தேவைப்பட்டது. மதுரை ஒரு பக்கம் போனால் தஞ்சை மறுபக்கம் போகும். வாரிசு வேண்டுமென்றால் ஆரவீடு குடும்பத்தின் மற்றொரு கிளையிலும் ஆட்கள் இருந்தார்கள். 1632இல் ராமதேவர் மகனின்றி இறந்ததும் அந்தக் கிளையைச் சேர்ந்த பெத்த வேங்கடரே பட்டத்துக்கு வந்தார். அப்போதும் அவருடைய சிற்றப்பா திம்மராஜன் குறுக்கே நின்றார். 1635 வரை சண்டை. மூட்டையே இல்லாத அந்த ஆண்டிலும் வாரிசுப் போர் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தப் பெத்த வேங்கடரின் ஆட்சியில்தான் 1639 ஆகஸ்டில் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் ஆங்கிலேயருக்கு மதராசப்பட்டினத்தில் இடம் கொடுத்தார். அவருடைய தந்தை சென்னப்பரின் பெயரே சென்னை என்றாயிற்று. மூட்டை அவிழ்ந்திருந்தால் சென்னையே இருந்திராது என்று ஒரு கதை எழுதிவிடலாம், சுவையாகவும் இருக்கும். ஆனால் ஒரு முடிச்சுக்கும் இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்த ஒரு சாசனத்துக்கும் இடையே எத்தனையோ வேறு முடிச்சுகள். அங்கே கார் சொன்னதுதான் சரி, அது விளையாட்டு.

*

மூட்டையை விட முக்கியமான கேள்வி இன்னொன்று இருப்பதாகத் தோன்றுகிறது. வேங்கடபதி பேசியிருந்தால்?

பொய்யென்று அறிந்த அன்றே அவர் சபையில் சொல்லியிருக்கலாம். அல்லது, அந்தப் பையன் வேண்டாமென்றால் தம் குலத்திலேயே ஒரு குழந்தையை முறைப்படி தத்து எடுத்து அறிவித்திருக்கலாம். பெற்ற மகன் ஒருவனே மகன் என்று தர்மசாஸ்திரம் சொல்லவில்லை. தத்துப்புத்திரனுக்கு அதில் தெளிவான இடம் உண்டு. அரசி நடித்த நாடகத்துக்கு அவசியமே இருந்திராது. மன்னர் இரண்டையும் செய்யாமல், பையனை மகனாகவும் வளர்த்து, அண்ணன் மகனுக்குச் சிக்கராயர் பட்டமும் கொடுத்து, மரணத்துக்கு மூன்று நாள் முன்பு வரை முடிவைத் தள்ளிப்போட்டார். இரு தரப்பும் தமக்கே உரிமை என்று நம்ப இத்தனை ஆண்டுகள் இடம் கொடுத்துவிட்டு, ஒரு மோதிரம் அதைத் தீர்த்துவிடும் என்று நம்பினார்.

அவர் பேசியிருந்தாலும் யாரிடம் பேசியிருப்பார்? இதுதான் கேள்வியின் அடிவேர். அதே காலத்து ருஷ்யாவில் இறந்துபோன இளவரசன் திமித்ரி நானே என்று சொல்லிக்கொண்டு ஒருவன் 1605இல் முடிசூடி, மறு ஆண்டே கொல்லப்பட்டான். அதைத் தொடர்ந்த குழப்பம் 1613இல் நாட்டுச் சபை கூடி மிகயில் ரோமனோவை அரசராகத் தேர்ந்தபோது முடிவுக்கு வரத் தொடங்கியது. வேங்கடபதி இறப்பதற்கு ஓராண்டு முன்பு அது. இங்கிலாந்தில் நாடாளுமன்றம் 1689இலும் 1701இலும் சட்டம் இயற்றி யார் முடிசூடலாம் என்று வரையறுத்தது. அதன் பிறகும் ஜேம்ஸின் வழிவந்தவர்கள் 1715இலும் 1745இலும் வாளெடுத்தார்கள். 1746இல் கலோடன் களத்தில்தான் அது ஓய்ந்தது. சபை இருந்தால் இரத்தம் சிந்தாது என்பதில்லை. ஆனால் போர் முடிந்த பின் ‘இது முடிந்தது’ என்று சொல்ல ஒரு வாய் இருந்தது. வேலூரில் அப்படி ஒரு வாய் இல்லை. கோட்டை வைத்திருந்த ஒவ்வொரு நாயக்கரும் ஒரு வாய்.

இந்த மண்ணுக்கு அது தெரியாத கலையா? யாசமர் 1601இல் வென்று புகழ்பெற்ற போர் உத்திரமேரூரில் நடந்தது. அந்த ஊர்க் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, இன்றும் இருக்கின்றன. ஊர்ச்சபை வாரியத்துக்கு யார் தகுதியுள்ளவர், யார் தகுதியற்றவர், குடவோலை எடுப்பது எப்படி என்றெல்லாம் அவை விதிக்கின்றன. ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்க எழுத்தில் விதி இருந்தது. பேரரசுக்கு அரசன் எடுக்க இல்லை. அந்தச் சுவரின் நிழலில் நின்று போரிட்டவர்களில் யாருக்கேனும் இது உறைத்திருக்குமா?

பிற்காலத்தில் அந்த வெற்றிடத்தை யார் நிரப்பினார்கள் என்பதும் நமக்குத் தெரியும். 1787இல் தஞ்சை மராட்டிய மன்னர் துளஜா சரபோஜியைத் தத்தெடுத்து இறந்தபோது, அந்தத் தத்து செல்லுமா என்று பண்டிதர்களைக் கேட்டு முடிவு செய்தது கிழக்கிந்தியக் கம்பெனி. செல்லாது என்று முதலில் தீர்ப்பாகி அமர்சிங் அரசரானார். பின்னர் செல்லும் என்று மாறி 1798இல் சரபோஜி அரசரானார். வாரிசைத் தீர்மானிக்க இறுதியில் ஒரு சபை வந்தது. அது நம்முடைய சபையாக இல்லை.

*

இவ்வளவும் அரசர்களின் கதை. அந்தப் போர் ஆண்டுகளில் தொண்டை மண்டலத்து ஊர்களில் இருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று வம்சாவளிகளும் காவியங்களும் சொல்வதில்லை. அதற்குப் பழவேற்காட்டின் பக்கம் திரும்ப வேண்டும். போரும் பஞ்சமும் மாறிமாறி வந்த 1620களில், வயிற்றுக்காகத் தம்மையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்களை டச்சுக் கப்பல்கள் இக்கரையிலிருந்து அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு ஏற்றிச் சென்றன. இன்று பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் அழகிய செதுக்கல்களைப் படமெடுத்துத் திரும்புகிறார்கள். கப்பலேறிப் போனவர்களுக்குக் கல்லறைகள் இல்லை. எந்தக் குழந்தை யாருடைய வயிற்றில் பிறந்தது என்ற வழக்கில் தோற்றவர்கள் அவர்களே. அவர்கள் அந்த வழக்கில் வாதியும் அல்லர், பிரதிவாதியும் அல்லர்.

பர்ராதாஸ் தம் மடலை எழுதி முடிக்கும்போது போர் இன்னும் முடிந்திருக்கவில்லை. திருச்சிராப்பள்ளிச் சமவெளியில் பெரும்படைகள் திரண்டு நிற்பதாகச் சொல்லி அவர் நிறுத்திக்கொள்கிறார். நமக்கு முடிந்துபோன கடந்தகாலமாக இருப்பது அவருக்குத் திறந்துகிடந்த எதிர்காலம். ‘அப்படி நடந்திருந்தால்’ என்று கேட்பதன் உண்மையான பயன் இதுவே என்று நினைக்கிறேன். வேறொரு உலகைக் கற்பனை செய்து மகிழ்வதற்காக அல்ல, முடிவு தெரியாமல் நின்றவர்களின் இடத்தில் ஒரு கணம் நின்று பார்ப்பதற்காக.

அப்படி நின்றவர்களில் ஒருவர் அந்த வண்ணார். மூட்டை பிடிபட்டிருந்தால் முதலில் போயிருப்பது அவர் தலை. பேரரசின் வாரிசுரிமை சில நிமிடங்கள் அவர் தோளில் இருந்தது. பாதிரியார் குதிரைப்படைத் தலைவர்களின் பெயர்களை எல்லாம் எழுதி வைத்தார். இவர் பெயரை எழுதவில்லை.